தொப்பியில் கரண்டி செருகிய வீரன்



இந்த இதழின் நடுப்பக்கங்களில் உங்களுக்காகக் காத்திருப்பவர்கள் உதுமானியப் பேரரசின் படைவீரர்கள். ஒவ்வொருவரின் உயரமும் ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும். வெள்ளீயக் கலவையில் வார்த்து, நுனி மெலிந்த தூரிகையால் வண்ணம் பூசி, சிறு தட்டுகளில் ஒட்டி நிறுத்தப்பட்டவர்கள். இவர்களைச் சேகரித்து, வண்ணம் தீட்டி, மேசைமேல் அணிவகுத்து, பகடையும் அளவு நாடாவும் வைத்துக்கொண்டு பழைய போர்களை மறுபடி ஆடிப் பார்ப்பவர்கள் உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள். வார்கேமிங் என்று அவர்கள் சொல்லும் இந்தப் பொழுதுபோக்கு நம் ஊர்களில் இன்னும் பரவலாகவில்லை. பரவ வேண்டும் என்பது என் ஆசை. அதற்கான காரணத்தை உங்களிடம் மனம்விட்டுச் சொல்லவே இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு போரைப் பற்றிப் படிக்கும்போது நம் கண் மன்னர்களின் பெயர்களிலும் வெற்றி தோல்விகளிலும் ஓடிவிடுகிறது. வண்ணம் தீட்ட உட்காருகிறவருக்கு அப்படி ஓட முடியாது. இந்த வீரனின் மேலங்கி என்ன துணி? அதை நெய்தது யார்? தலையில் இருப்பது கம்பளியா, இரும்பா? தாடி வைத்திருந்தானா, மீசை மட்டுமா? இக்கேள்விகளுக்கு விடை தெரியாமல் தூரிகையைத் தொட முடியாது. விடை தேடப் புறப்பட்டால் ஒரு பேரரசின் நெசவுக்கூடம், சமையற்கட்டு, வரிக்கணக்கு, ஓவியச்சாலை என்று எங்கெங்கோ போய் நிற்போம். வரலாற்றை நிதானமாகப் படிக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் பொழுதுபோக்கின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், தம் தந்தை உருவாக்கிய போர் ஆட்டத்தைச் செம்மைப்படுத்தி 1824இல் அதன் விதிகளை வெளியிட்டார். அதிகாரிகளுக்குப் பயிற்சி தர பிரஷ்ய ராணுவமே அதை ஏற்றுக்கொண்டது. 1893இல் லண்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே வெற்றிடமுள்ள ஈய வீரர்களை மலிவாக வார்க்கத் தொடங்கியது. ராணுவப் பயிற்சியறைக்குள் இருந்த ஆட்டம் வீடுகளின் தரைக்கு இறங்கி வர அது வழி செய்தது. நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதினார். டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் ‘வார் கேம்ஸ்’ 1962இல் வந்தது. 1969இல் தொடங்கிய ‘வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப்’ பழங்காலப் படைகளுக்கான விதிகளை ஆராய்ச்சியோடு வகுத்தது. அவர்களின் 1990ஆம் ஆண்டு விதிநூலான ‘டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாடிஸ்’ படி வெறும் 12 தட்டு வீரர்கள் இருந்தாலே ஒரு முழுப் படை தயார். சமையல் மேசையின் ஒரு மூலையிலேயே ஆடி முடித்துவிடலாம்.

அத்தனை படைகள் இருக்க, உதுமானியரை ஏன் தேர்ந்தெடுத்தோம்? பெரும்பாலான விற்பனைப் பட்டியல்களில் அவர்கள் ‘எதிர்த்தரப்பு’. போலந்தின் சிறகு வைத்த குதிரைப்படையையோ வியன்னாவின் கோட்டைக் காவலர்களையோ ஆசையாக வாங்குகிறவர், மோத ஒருவர் வேண்டுமே என்று துருக்கியரையும் வாங்குகிறார். பிறகு கைக்குக் கிடைத்த சிவப்பையும் பச்சையையும் பூசி, வளைந்த வாள் ஒன்றைக் கையில் கொடுத்து முடித்துவிடுகிறார். ஆறு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த ஒரு பேரரசை எதிரியின் கண் வழியாக மட்டுமே பார்க்கும் பழக்கம் புத்தகங்களில் மட்டும் இல்லை, வண்ணப்பெட்டியிலும் இருக்கிறது. அதை மாற்ற முனைகிறவர்களைத்தான் இந்த இதழில் கொண்டாடுகிறோம்.

ஜானிசரியிடமிருந்தே தொடங்குவோம். பதினான்காம் நூற்றாண்டில் சுல்தானின் சொந்தக் காலாட்படையாக உருவானவர்கள் இவர்கள். சம்பளம் வாங்கி, முகாமில் தங்கி, ஆண்டு முழுவதும் ஆயுதம் பயின்ற நிலையான படை ஐரோப்பிய அரசர்கள் பலருக்கு அப்போது கிடையாது. ஜானிசரியின் அடையாளம் பின்புறம் மடிந்து தொங்கும் உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பி. அதன் முன்புறத்தில் உலோகத்தால் ஒரு சிறு குழல் இருக்கும். பறவை இறகு செருகுவதற்கு மட்டும் ஏற்பட்டதல்ல அது. வீரன் தன் மரக்கரண்டியை அதில் செருகி வைப்பான்.

நெற்றிக்கு மேலே கரண்டி ஏன்? ஜானிசரிகளின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பெரிய செம்பு அண்டா உண்டு. அதில் சமைத்ததைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து உண்பார்கள். அந்த அண்டா அவர்களுக்குக் கொடிக்குச் சமம். போரில் அதை எதிரியிடம் பறிகொடுப்பது பெருத்த அவமானம். சுல்தான்மேல் கோபம் வந்தால் அண்டாவைக் கவிழ்த்துப் போடுவார்கள். அவர் சோற்றை இனி உண்ண மாட்டோம் என்ற கலக அறிவிப்பு அது. பிரிவுத் தலைவரின் பட்டம்கூடச் சூப்பு பரிமாறும் பொறுப்பைக் குறிப்பதுதான். ஒரு படையின் ஒற்றுமை வாளால் மட்டும் வருவதல்ல, ஒரே பாத்திரத்தில் உண்பதாலும் வருகிறது என்று இவர்கள் வெளிப்படையாகத் தலையில் சூடிக்கொண்டு நடந்தார்கள். 28 மில்லிமீட்டர் உருவத்தில் அந்தக் கரண்டி அரிசி முனையளவுதான் இருக்கும். அதை விட்டுவிடாமல் மரநிறம் தீட்டுகிறவர் ஜானிசரியைப் புரிந்துகொண்டவர் என்பேன்.

சேகரிப்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்றும் உண்டு. ஜானிசரி அழகன், ஆகவே பலரின் அலமாரியில் படையில் பாதி ஜானிசரிகளாக இருப்பார்கள். சுல்தான் சுலைமானின் ஆட்சியில் 1527ஆம் ஆண்டுச் சம்பளக் கணக்கு, மொத்த ஜானிசரிகள் 7,886 பேர் என்று காட்டுகிறது. அப்போது நிலவருவாய் பெற்றுப் போருக்கு வந்த சிபாஹி குதிரைவீரர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு சிபாஹியும் தன் வருவாய்க்கு ஏற்ப ஆயுதம் தரித்த ஆட்களையும் உடன் கூட்டி வர வேண்டும். ஆக அந்தப் படையின் உடல் குதிரைப்படைதான். வெள்ளைத் தொப்பிகளை மையத்தில் ஒரு சிறு திரளாக நிறுத்தி, இரு பக்கமும் குதிரைகளை விரித்து வைத்தால்தான் மேசைமேல் நிற்பது உதுமானியப் படையாகும்.

அந்தக் குதிரைவீரர்களுக்குள் எத்தனை வகை! சங்கிலிக் கவசத்தில் எஃகுத் தகடுகள் கோத்து அணிந்த சிபாஹி ஒருவன். கவசமே இல்லாமல் எல்லை தாண்டிச் சென்று சூறையாடித் திரும்பும் அக்கின்ஜி இன்னொருவன். கிரீமியாவிலிருந்து வில்லும் அம்புமாக வரும் தாத்தாரியன் வேறொருவன். எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுகிறவன் டெலி. சிறுத்தைத் தோலைப் போர்த்தி, கேடயத்தில் கழுகுச் சிறகு பொருத்தி, எதிரியைப் பார்வையாலேயே கலங்க வைக்க வந்தவன். 1551இல் பிரெஞ்சுத் தூதுக்குழுவோடு இஸ்தான்புல்லுக்குப் போன நிக்கொலா டி நிக்கொலே இப்படியொரு டெலியைப் பார்த்து வரைந்தார். அவருடைய பயணநூலின் செதுக்கோவியங்களில் அவன் இன்றும் மிரட்டிக்கொண்டு நிற்கிறான். சிறுத்தைப் புள்ளிகளை இந்தச் சின்ன அளவில் தீட்டுவது கைத்திறனுக்குத் தேர்வு. வெளிர்மஞ்சள் தரையில் பழுப்புத் திட்டுகளை இட்டு, அவை காய்ந்தபின் ஓரங்களை மட்டும் கறுப்பால் துண்டு துண்டாகச் சூழ்ந்தால் புள்ளி உயிர்பெறும்.

படைக்கு முன்னே இசையும் உண்டு. மெஹ்தர் என்ற அந்த வாத்தியக்குழுவில் ஜுர்னா என்னும் ஊதுகுழல், பெரிய முரசு, எக்காளம், தாளம், இரட்டை முரசு எல்லாம் இருக்கும். முரசு ஒலிக்கும்வரை படை நிற்கிறது என்று வீரர்கள் நம்பினார்கள். மெஹ்தர் உருவங்கள் ஆட்டவிதிப்படி யாரையும் வீழ்த்தாது. ஆனாலும் அவர்கள் இல்லாத உதுமானியப் படை எனக்கு முழுமையாகத் தோன்றுவதில்லை. இஸ்தான்புல்லின் ராணுவ அருங்காட்சியகத்தில் இன்றும் மெஹ்தர் குழு பழைய உடையில் வாசிக்கிறது. அந்தப் பக்கம் போகும் வாய்ப்புள்ள வாசகர்கள் தவறவிடாதீர்கள். அவர்களின் உடை நிறங்கள் வண்ணம் தீட்டுகிறவர்களுக்கு நேரடிப் பாடம்.

இனி நிறத்துக்கு வருகிறேன். சேகரிப்பவர்கள் அதிகம் வாதாடுவது இதைப் பற்றித்தான். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியப் படைகளுக்கு இருந்ததுபோல் ஒரு பிரிவுக்கு ஒரே நிறம் என்ற கண்டிப்பான சீருடை பதினாறாம் நூற்றாண்டு ஜானிசரிக்கு இல்லை. ஆனால் கட்டுப்பாடே இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. அரசே ஆண்டுதோறும் அவர்களுக்குக் கம்பளித் துணி அளந்து கொடுத்தது. அந்தத் துணியில் பெரும்பங்கு சலோனிகா நகரில் நெய்யப்பட்டது. நெய்தவர்கள், 1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டு உதுமானிய நாட்டில் அடைக்கலம் புகுந்த யூதர்களின் வழிவந்தவர்கள். தம் வரியையே அவர்கள் துணியாகச் செலுத்தினார்கள். அந்தத் துணியில் நீலம் அதிகம். ஒரு ஜானிசரியின் அங்கிக்கு நீலம் பூசும்போது, நாடிழந்து வந்த ஒரு சமூகத்தின் தறி ஓசையும் அந்த நீலத்தில் சேர்ந்திருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நிறங்களுக்கு நாம் நம்பக்கூடிய சாட்சிகள் பல உள்ளன. முதன்மையானது உதுமானியரே வரைந்த நுண்ணோவியங்கள். 1558இல் முடிந்த ‘சுலைமான்நாமா’ கையெழுத்துப் படியில் 69 ஓவியங்கள். இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் அது பாதுகாக்கப்படுகிறது. ஜானிசரிகள் அதில் நீலம், சிவப்பு, பச்சை, ஆரஞ்சு எனப் பல நிற அங்கிகளில் வரிசையாக நிற்கிறார்கள். 1582இல் இளவரசர் மெஹ்மெதின் சுன்னத்து விழாவுக்காகப் பல வாரங்கள் நடந்த கொண்டாட்டத்தை ஓவியர் நக்காஷ் உஸ்மானும் அவர் குழுவும் ஓவியமாக்கினார்கள். ஒவ்வொரு தொழிலாளர் சங்கமும் தன் வேலையைக் காட்டியபடி ஊர்வலம் போன விழா அது. பொய்க்கோட்டைகள் கட்டி வேடிக்கைப் போரும் நடத்தினார்கள். மேசை ஆட்டக்காரர்களுக்கு அந்த விழாவோடு ஏதோ உறவு இருப்பதாக எனக்குத் தோன்றும்.

நிலக்காட்சி அமைப்பவர்கள் மத்ராக்சி நசூஹை நாட வேண்டும். 1530களில் சுலைமானின் ஈராக் படையெடுப்போடு சென்ற அவர், வழியில் தங்கிய ஊர்களையும் கோட்டைகளையும் ஆற்றுப் பாலங்களையும் மனிதர் ஒருவர்கூட இல்லாமல் வரைந்து வைத்தார். மேசையில் எந்த மரத்தை எங்கே நடுவது, குன்றுக்கு என்ன நிறம் என்று யோசிப்பவருக்கு அதைவிட நல்ல துணை இல்லை. பிற்காலப் படைக்கு லூயிஜி மார்சிலியின் நூல் இருக்கிறது. இத்தாலியரான மார்சிலி 1683இல் தாத்தாரியரிடம் பிடிபட்டு அடிமையாக விற்கப்பட்டு, வியன்னா முற்றுகையை உதுமானிய முகாமின் உள்ளிருந்தே பார்த்தவர். அவருடைய உதுமானியப் படை பற்றிய பெருநூல் 1732இல் வெளிவந்தது. கூடாரம், கொடி, ஆயுதம், அண்டா, தொப்பி என எல்லாவற்றுக்கும் அதில் படம் உண்டு.

பொருளையே நேரில் பார்க்க விரும்பினால் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே, டிரெஸ்டன் நகரச் சேகரிப்புகள் உதவும். டிரெஸ்டன் கோட்டையில் 2010இல் மீண்டும் திறந்த துருக்கியக் கூடத்தில் 20 மீட்டர் நீளமுள்ள ஓர் உதுமானியக் கூடாரம் முழுதாக விரித்து நிறுத்தப்பட்டிருக்கிறது. எளிதில் கிடைக்கும் புத்தகம் வேண்டும் என்பவர்களுக்கு டேவிட் நிக்கோல் எழுதி ஆங்கஸ் மெக்பிரைட் வரைந்த ஆஸ்ப்ரே வெளியீடு இருக்கிறது, 1983இல் வந்தது. இன்றைய உருவங்கள் பலவற்றின் உடையமைப்பில் அதன் சாயலைக் காணலாம். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். பின்னாளில் ஒருவர் வரைந்த படத்தைவிட அதே நூற்றாண்டில் வரைந்த ஓவியம் ஒரு படி மேலான சாட்சி. அதே நூற்றாண்டு ஓவியத்திலும் விழாக்கால உடையையும் போர்க்கள உடையையும் பிரித்தறியப் பழக வேண்டும்.

இப்போது தூரிகையைக் கையில் எடுப்போம். ஒரு ஜானிசரி உருவம் உங்கள் முன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சிலிருந்து வந்த பிசிர்களை அரத்தாலும் சிறு கத்தியாலும் நீக்குங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள்; அச்சில் தடவிய பொடி ஒட்டியிருந்தால் வண்ணம் பிடிக்காது. பழைய உருவங்களில் ஈயம் இருக்கலாம். ஆகவே அராவும்போது தூசியை மூச்சில் இழுக்காதீர்கள், வேலை முடிந்ததும் கைகளை நன்றாகக் கழுவுங்கள், குழந்தைகள் வாயில் வைக்க விடாதீர்கள். உருவத்தை ஒரு பாட்டில் மூடியின்மேல் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டால் விரல் படாமல் எல்லாப் பக்கமும் திருப்பலாம்.

அடுத்தது பிரைமர் என்னும் அடிப்பூச்சு. நம் ஊர் மழைக்காலத்தில் ஸ்ப்ரே பிரைமர் அடித்தால் ஈரக்காற்றில் பொடிப்பொடியாகப் படிந்துவிடும். வெயில் ஏறிய பிறகு அடியுங்கள், இல்லையென்றால் தூரிகையாலேயே பூசுங்கள். கோடையில் வேறு சிக்கல். அக்ரிலிக் வண்ணம் கலக்கும் தட்டிலேயே காய்ந்துபோகும். ஒரு டிபன் டப்பாவில் நனைத்த பஞ்சை விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு, வண்ணத்தை அதில் வையுங்கள். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாகவே இருக்கும்.

வெள்ளைத் தொப்பிதான் கடினம். நேராக வெள்ளையைப் பூசினால் சுண்ணாம்பு அடித்ததுபோலிருக்கும். வெளிர்சாம்பலிலோ எலும்பு நிறத்திலோ தொடங்கி, மடிப்புகளின் பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டு, மேட்டுப் பகுதிகளில் மங்கல் வெள்ளையை இரண்டு மூன்று மெல்லிய அடுக்காக ஏற்றுங்கள். தூய வெள்ளை விளிம்பில் ஒரு கோடாக வந்தால் போதும். அங்கி சிவப்பாக இருந்தால் நிழலுக்குக் கறுப்பைக் கலக்காதீர்கள். அடர்பழுப்பு சேர்த்தால் சிவப்பு சாகாது. வெளிச்சத்துக்கு வெள்ளை சேர்த்தால் ரோஜா நிறமாகிவிடும், ஆரஞ்சு சேருங்கள். நடக்க வசதியாக ஜானிசரிகள் அங்கியின் முன்தானைகளைத் தூக்கி இடைக்கச்சையில் செருகிக்கொள்வார்கள். ஆகவே உள்துணியும் வெளியே தெரியும். அதற்கு மாறுபட்ட நிறம் கொடுங்கள். முகத்துக்கு வரும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: ஜானிசரிக்குத் தாடி கூடாது, மீசை மட்டும்தான். தாடி குதிரைவீரர்களுக்கும் முதியவர்களுக்கும்.

சிபாஹியின் சங்கிலிக் கவசத்துக்குக் கறுப்பு அடித்து, காய்ந்த தூரிகையில் வெள்ளியைத் தொட்டு, பெரும்பகுதியைத் துடைத்துவிட்டு லேசாக உரசுங்கள். வளையங்கள் தாமாக எழுந்து நிற்கும். கேடயம் பிரம்பை வட்டமாகச் சுற்றி, அதில் வண்ணப் பட்டிழைகளால் கோலம் வரப் பின்னியது. மையத்தில் இரும்புக் குமிழ். ஒரு கேடயத்துக்கே ஒரு மாலைப்பொழுது போகும், போகட்டும். வெண்குதிரைகளின் வாலிலும் காலிலும் மருதாணிச் சிவப்பு ஏற்றும் வழக்கம் இருந்தது. படைக்கு ஒரு குதிரைக்காவது அதைச் செய்து பாருங்கள். கொடிகளில் பிறையும் வரும், இரட்டை அலகு கொண்ட சுல்ஃபிகார் வாளும் வரும். கடைசியாக மேட் வார்னிஷ் பூசி, தட்டில் மணலும் புல்லும் ஒட்டினால் வீரன் களத்துக்குத் தயார்.

அந்தக் களம் எது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. 1453இன் கான்ஸ்டான்டினோபிள் முற்றுகை வீரனும் 1683இன் வியன்னா வீரனும் ஒரே படையில் நிற்க முடியாது. தொடங்குகிறவர்களுக்கு நான் 1526ஐப் பரிந்துரைப்பேன். அந்த ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று ஹங்கேரியின் மொஹாச் சமவெளியில் சுலைமானின் படையும் இரண்டாம் லூயி மன்னரின் படையும் மோதின. ஹங்கேரியர் ஏறத்தாழ 25,000 பேர். உதுமானியர் குறைந்தது இரு மடங்கு. உதுமானியரின் முன்படை முகாமிடத் தொடங்கிய பிற்பகலில் பேராயர் பால் தொமோரி தலைமையில் ஹங்கேரியக் கவசக் குதிரைப்படை பாய்ந்து அதைப் பின்னுக்குத் தள்ளியது. தள்ளிக்கொண்டே வந்தவர்கள் பீரங்கி வரிசைக்கும் ஜானிசரிகளின் துப்பாக்கிகளுக்கும் நேர் முன்னே வந்து சேர்ந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. தப்பி ஓடிய மன்னர் ஓடை வெள்ளத்தில் மூழ்கி இறந்தார். அவருக்கு வயது 20.

அதே 1526இல், நான்கு மாதம் முன்பு, ஏப்ரல் 21 அன்று நம் நாட்டில் பானிபட் போர் நடந்தது. தம் வண்டிகளை ரூமிகளின் முறைப்படி, அதாவது உதுமானியரின் முறைப்படி, தோல் கயிறுகளால் பிணைத்து நிறுத்தியதாகப் பாபர் தம் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். அவருடைய பீரங்கியாளர்களில் முஸ்தபா ரூமி என்பவரும் ஒருவர். பிணைத்த வண்டிகள், நடுவே துப்பாக்கிகள், பக்கங்களில் குதிரை: மொஹாச்சை மேசையில் ஆடிப் பழகியவர் பானிபட்டின் வரைபடத்தைப் பார்த்த கணத்திலேயே புரிந்துகொள்வார்.

இந்தத் தொடர்பு தெற்கே இன்னும் நெருங்கி வருகிறது. விஜயபுராவின் கோட்டையில் இன்றும் நிற்கும் மாலிக்-இ-மைதான் பீரங்கியை 1549இல் வார்த்தவர் பெயரிலும் ‘ரூமி’ இருக்கிறது. 1565இல் தலைக்கோட்டைப் போரில் அகமதுநகரின் பீரங்கிகளை நடத்தியவர் ரூமி கான். அந்தப் போரில் விஜயநகரம் வீழ்ந்ததன் விளைவாகத்தான் மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் படிப்படியாகத் தனியரசர்கள் ஆனார்கள். இஸ்தான்புல்லின் போர்க்கலை நம் தமிழ்நாட்டு வரலாற்றுக்கு அத்தனை தொலைவில் இல்லை.

போரை விளையாட்டாக்கலாமா என்று கேட்கும் வாசகர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. வெல்ஸ் தம் நூலின் இறுதியில், பொம்மைப் போரை ஆடிப் பார்த்தவருக்கு உண்மைப் போர் எவ்வளவு அபத்தமானது என்பது விளங்கும் என்ற கருத்தை வலியுறுத்தினார். நூல் வெளிவந்த மறு ஆண்டே முதல் உலகப்போர் வெடித்தது. உதுமானியப் படைக்கும் இருண்ட பக்கம் உண்டு. ஜானிசரிகளில் பெரும்பாலோர் பால்கன் பகுதியின் கிறித்தவக் குடும்பங்களிலிருந்து சிறு வயதில் அரசால் பிரித்தெடுக்கப்பட்டவர்கள். ஊரும் மொழியும் மதமும் பெயரும் மாற்றப்பட்டவர்கள். அரசு இப்படிப் பிரித்தெடுத்த பிள்ளைகளில் ஒருவர் பிற்காலத்தில் பேரரசின் தலைமை அமைச்சரானார்: சொகொல்லு மெஹ்மெத் பாஷா. இன்னொருவர் மொஹாச்சில் படையோடு நின்று, பின்னர் தலைமைக் கட்டடக் கலைஞராகி, சுலைமானியே மசூதியையும் எதிர்னேயின் செலிமியே மசூதியையும் எழுப்பினார்: மிமார் சினான். உயர்ந்தவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. வாசலில் நின்று அழுத தாய்மாரின் பெயர் தெரியவில்லை. இரண்டையும் அறிந்தவராகத்தான் இந்த உருவத்துக்கு முகம் தீட்ட வேண்டும்.

அந்தப் படையின் முடிவும் கொடூரமானது. காலப்போக்கில் ஜானிசரிகள் சுல்தான்களையே ஆட்டிவைக்கும் கூட்டமாக மாறினார்கள். 1622இல் இளம் சுல்தான் இரண்டாம் உஸ்மானைக் கொன்றார்கள். 1826 ஜூன் மாதம் அவர்கள் கடைசி முறையாக அண்டாவைக் கவிழ்த்தபோது, சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அவர்களின் முகாம்மேல் பீரங்கியால் சுட உத்தரவிட்டுப் படையையே ஒழித்தார். மெஹ்தர் இசையும் அன்றோடு நிறுத்தப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில்தான் அது மீண்டது. இவை அனைத்தையும் ஓர் உருவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கற்கிறோம் என்பதால்தான் இதை வெறும் விளையாட்டு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. போரைப் புகழ்வதற்காக யாரும் ஒரு மாலை முழுக்க ஒரு கேடயத்தோடு உட்கார மாட்டார்கள். அங்கே நடப்பது மனிதரை உற்றுக் கவனிப்பது.

தொடங்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். செலவைக் கண்டு தயங்க வேண்டாம். ரஷ்யாவின் ஸ்வெஸ்தா நிறுவனம் 1:72 அளவில் ஜானிசரிகளையும் சிபாஹிகளையும் பிளாஸ்டிக்கில் வெளியிட்டிருக்கிறது. ஒரே பெட்டியில் பல வீரர்கள். உலோகத்தில் 28 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் ஓல்ட் குளோரி, தி அசால்ட் குரூப் போன்றவற்றின் உதுமானிய வரிசைகள் உள்ளன. பதினேழாம் நூற்றாண்டை 15 மில்லிமீட்டரில் ஆட விரும்புகிறவர்களுக்குப் போலந்தின் ‘பை ஃபயர் அண்ட் ஸ்வோர்ட்’ இருக்கிறது. முப்பரிமாண அச்சுப்பொறி வைத்திருப்பவர்கள் ரெசினில் தாமே அச்சிட்டுக்கொள்ளலாம். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்யுங்கள். வண்ணத்துக்கு விலையுயர்ந்த பெட்டி தேவையில்லை. நல்ல நுனியுள்ள ஒரு தூரிகையும் எட்டுப் பத்து அக்ரிலிக் குப்பிகளும் முதல் படைக்குப் போதும். காசு மிச்சமிருந்தால் தூரிகைக்குச் செலவிடுங்கள்.

பெரிய படையை ஒரேயடியாக வாங்கி அடுக்காதீர்கள் என்று மட்டும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன். வண்ணம் பூசாத உருவங்கள் பெட்டியில் சேரச் சேர உற்சாகம் குறையும். ஒரு வீரனை எடுங்கள். அவன் எந்த ஆண்டைச் சேர்ந்தவன், எந்தப் பிரிவு, எந்த ஓவியத்தில் அவனைப் போன்றவன் இருக்கிறான் என்று தேடுங்கள். அவனைத் தீட்டி முடித்தபின் அடுத்தவனுக்குப் போங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு தூரிகை கொடுத்து, இந்த வீரன் தொப்பியில் ஏன் கரண்டி வைத்திருக்கிறான் என்று கேளுங்கள். ஒரு பேரரசின் வரலாற்றைச் சொல்லித் தர அந்த ஒரு கேள்வி போதும்.

நீங்கள் தீட்டிய முதல் உருவத்தின் படத்தையும், அதன் நிறங்களை எங்கிருந்து எடுத்தீர்கள் என்ற சிறு குறிப்பையும் எங்களுக்கு அனுப்புங்கள். கை நடுங்கிய கோடும் கலங்கிய நிறமும் இருந்தாலும் தயங்காமல் அனுப்புங்கள். தேடிப் படித்த உழைப்பு தெரிந்தால் அதுவே எங்களுக்கு மகிழ்ச்சி. வாசகர் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். உங்கள் கடிதங்களை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்